கல்வட்டம் பார்க்கப் போய் இருட்டில் நின்றேன்

நான் 31 வருஷம் அரசுப் பள்ளியில் வரலாறு எடுத்தவள். ஓய்வு பெற்ற மறு வருஷம், 2024 அக்டோபரில், மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போனேன். மகளும் மருமகனும் லண்டனுக்கு மேற்கே ரெடிங் நகரத்தில் இருக்கிறார்கள். பேத்திக்கு அப்போது மூன்று மாசம். அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் போனேன். ஆனால் ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரி என்ற பழங்காலக் கல்வட்டங்கள் இரண்டையும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை ரொம்ப வருஷமாக உள்ளே இருந்தது. இரண்டையும் பார்த்தேன். இரண்டாவதைப் பார்த்த நாளில், வெளியூரில், வயலில், இருட்டில், கால் சுளுக்கி, போன் அணைந்து, ஒன்றரை மணி நேரம் தனியாக நின்றேன். போவதற்கு முன் எத்தனையோ பேர் எழுதியதைத் தேடிப் படித்தேன். எல்லோரும் அழகான படம் போட்டிருந்தார்கள். அங்கே எத்தனை மணிக்கு இருட்டும், எந்தப் பாதையில் போகக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஸ்டோன்ஹெஞ்ச். சனிக்கிழமை எல்லோருமாகக் காரில் போனோம். அங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கும். நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். மூடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். வரவேற்பு மையத்திலிருந்து கற்கள் இரண்டரை கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் பஸ்ஸில் கூட்டிப்போகிறார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்கலாம். 1915-ல் ஏலத்தில் 6,600 பவுண்டுக்கு ஒருவர் வாங்கி, 1918-ல் நாட்டுக்கே கொடுத்துவிட்ட இடம் அது. உள்வட்டத்தின் சிறிய கற்கள் வேல்ஸிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் பயணப்பட்டு வந்தவை. நடுவில் படுத்திருக்கும் பலிபீடக் கல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து வந்தது என்று நான் போவதற்கு இரண்டு மாசம் முன்னால்தான் அறிவித்திருந்தார்கள். கயிறு ஓரத்தில் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். அன்று வண்டி நிறுத்தத்துக்குத் திரும்பும்போது மணி ஐந்தரை. நல்ல வெளிச்சம் இருந்தது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மறுநாள் நான் மோசம் போனதே இதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை மருமகனுக்கு வேலை. கைக்குழந்தையோடு மகளால் வர முடியாது. "நான் மட்டும் போயிட்டு வர்றேன்மா, ரயில்ல அரை மணி நேரம், அப்புறம் பஸ்தானே" என்றேன். மகளுக்கு மனசே இல்லை. ஸ்டோன்ஹெஞ்ச் மாதிரி ஆட்கள், வழிகாட்டிப் பலகை, கயிறு எல்லாம் அங்கேயும் இருக்கும் என்று அவளிடம் நானே உறுதி சொன்னேன். அது தவறு. அந்த நாட்டில் வரலாற்றுக்கு முந்தைய இடங்களில் பெரும்பாலானவை திறந்த வயலில் கிடக்கின்றன. டிக்கெட் இல்லை, காவல் இல்லை, மூடும் நேரம் சொல்லி உங்களை வெளியே அனுப்ப ஆளும் இல்லை. பார்க்க வருகிறவர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் விட்டிருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அது சரி. நமக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ரெடிங்கிலிருந்து ஸ்விண்டன் வரை போக வர டிக்கெட் முன்பதிவு செய்தேன். குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லும் 'அட்வான்ஸ்' வகை, விலை குறைவு. சில பவுண்டு மிச்சம் பிடிக்க ஆசைப்பட்டேன். ஸ்விண்டனிலிருந்து 49-ஆம் எண் பஸ் ஏவ்பரிக்குள்ளேயே போய் நிற்கும். அப்போது இங்கிலாந்தில் பெரும்பாலான பஸ்களில் ஒரு பயணத்துக்கு 2 பவுண்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்று இருந்தது, 2025 ஜனவரியில் அது 3 பவுண்டு ஆனது. திரும்பி வரும் கடைசி பஸ் நேரத்தை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அது வார நாள் அட்டவணை என்பது எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு அட்டவணையே வேறு, வண்டியும் குறைவு, கடைசி வண்டியும் முன்னாலேயே போய்விடும். இறங்கும்போது ஓட்டுநரிடம் "இன்றைக்குக் கடைசி வண்டி எப்போது" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. நீங்கள் எந்தச் சிற்றூரில் இறங்கினாலும் அதை மட்டும் கேட்டுவிட்டு இறங்குங்கள். நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஞாயிறு என்று தனியாக இருக்கும்.

ஏவ்பரியில் இறங்கியதும் எல்லாம் மறந்துபோனது. ஒரு கிராமமே கல்வட்டத்துக்குள் இருக்கிறது. நடுவில் தார்ச்சாலை போகிறது, ஓலைக்கூரை போட்ட மதுக்கடை இருக்கிறது, வீடுகள் இருக்கின்றன, சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேலான கற்கள். ஆடுகள் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு நிற்கின்றன. யாரும் தடுக்கவில்லை, கற்களைக் கையால் தொட்டேன். வெளிவட்டத்தில் ஒரு காலத்தில் சுமார் 100 கற்கள். அதைச் சுற்றி அகழி. முதலில் வெட்டியபோது அதன் ஆழம் 9 மீட்டர். சுண்ணாம்புப் பாறையில் மான் கொம்பை வைத்துத் தோண்டியிருக்கிறார்கள். ஜான் ஆப்ரே என்பவர் 1649-ல் வேட்டைக்கு வந்த இடத்தில் இதைப் பார்த்து மலைத்துப்போய், ஸ்டோன்ஹெஞ்ச் ஒரு சின்னக் கோயில் என்றால் இது பேராலயம் என்ற பொருளில் எழுதி வைத்தார். அதற்குப் பின்னால் வந்த தலைமுறைகளில் ஊர்க்காரர்களே பல கற்களை நெருப்பு மூட்டிச் சூடேற்றி, தண்ணீர் ஊற்றிப் பிளந்து வீடு கட்ட எடுத்துக்கொண்டார்கள். 1930-களில் அலெக்சாண்டர் கெய்லர், ஆரஞ்சு மார்மலேட் வியாபாரத்தில் வந்த குடும்பச் சொத்தைச் செலவழித்து, புதைந்து கிடந்த கற்களைத் தூக்கி நிறுத்தினார். இல்லாமல் போன கற்களின் இடத்தில் கான்கிரீட் குத்துக்கல் நட்டார். அப்படித் தோண்டும்போது 1938-ல் ஒரு கல்லுக்கு அடியில் ஒரு மனிதனின் எலும்புக்கூடு, கூடவே கத்தரிக்கோலும் 14-ஆம் நூற்றாண்டு நாணயங்களும். இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் போனோமே என்று ஒவ்வொரு கல்லாகச் சுற்றி வந்தேன். நம் ஊரில் பெருங்கற்காலம் என்றால் இரும்புக் காலம், இறந்தவர்களைப் புதைத்த தாழியும் கற்பதுக்கையும். இங்கே இந்தக் கற்களை நிறுத்தத் தொடங்கியவர்கள் உலோகமே அறியாதவர்கள். அது நினைவுக்கு வந்ததும் அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

புளிசாதம் கொண்டுபோயிருந்தேன், அகழிக் கரையில் வைத்துச் சாப்பிட்டேன். பெண்கள் கவனிக்க: கழிப்பறை ஏவ்பரி பழைய பண்ணை முற்றத்தில் மட்டும்தான். அதைத் தாண்டிப் போனால் வயல்வெளியில் எங்குமே இல்லை. முன்னாலேயே போய்விட்டுப் புறப்படுங்கள். இதற்குப் பயந்து நான் தண்ணீர் குடிக்காமல் நடந்தேன், சாயங்காலம் தலை சுற்றியதற்கு அதுவும் காரணம்.

இரண்டு மணிக்கு மேல் தெற்கே நடந்தேன். சில்பரி மேடு வழியில் வரும். ஐரோப்பாவிலேயே பெரிய, மனிதர் கட்டிய பழங்கால மண்மேடு, கி.மு. 2400 வாக்கில் எழுப்பியது. ஏறக்கூடாது, சரிந்துவிடும். 2000-ஆம் ஆண்டில் உச்சியில் பள்ளம் விழுந்து, பிறகு பல லட்சம் பவுண்டு செலவு செய்து சரி செய்தார்கள். நெடுஞ்சாலையைக் கடந்து எதிர்ப்புற வயலில் ஏறினால் வெஸ்ட் கென்னட் நெடுமேடு. 100 மீட்டர் நீளம், கி.மு. 3650 வாக்கில் இறந்தவர்களை வைக்கக் கட்டிய ஈமக்குடி. வாசலில் பிரம்மாண்டமான கல் அடைத்து நிற்கும், பக்கவாட்டில் நுழைய வேண்டும். உள்ளே ஐந்து அறைகள், நிமிர்ந்தே நிற்கலாம். குறைந்தது 36 பேரின் எலும்புகள் கிடைத்தன. பெரியவர்களும் இருந்தார்கள், குழந்தைகளும் இருந்தார்கள். எல்லோரையும் ஒரு தலைமுறைக்குள்ளாகவே வைத்திருக்கிறார்கள் என்று கரிமக் காலக் கணிப்பில் தெரிந்தது. யாரோ கல் இடுக்கில் சிறு மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், கல்லில் கரி படிந்திருந்தது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அந்தக் கற்கள் வெடிக்கின்றன. நான் கடைசி அறையில் நின்று, எனக்குத் தெரிந்த வகையில் அவர்களுக்காகக் கும்பிட்டேன். நேரம் போனதே தெரியவில்லை. வெளியே வந்தபோது மணி நாலேகால்.

வந்த வழியே திரும்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. "ஐந்தரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும், நேற்றுப் பார்த்தோமே" என்று கணக்குப் போட்டேன். கிழக்கே ஈஸ்ட் கென்னட் கிராமம் வழியாகச் சுற்றி, சாங்க்சுவரி என்ற இன்னொரு பழைய கல்வட்டம் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து இரண்டு வரிசைக் கற்கள் நிற்கும் பழைய நடைவழியே ஏவ்பரிக்குப் போய்விடலாம் என்று தீர்மானித்தேன். அன்று அக்டோபர் கடைசி ஞாயிறு. அந்த நாட்டில் அன்று விடியற்காலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். போன் தானாகவே மாறிவிட்டது. மகளும் காலையில் சொன்னாள், ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம் என்பதாக மட்டும் அதை எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் முன்பு மறைந்த சூரியன், ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் முன்பே மறைந்துவிட்டது. நீங்கள் எந்த மாசம் போனாலும் அந்த ஊருக்கு, அந்தத் தேதிக்கு, சூரியன் மறையும் நேரத்தைப் பாருங்கள். அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே பஸ் நிறுத்தத்துக்கு நடையைக் கட்டுங்கள். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டு, ஜூனில் ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம். நம் ஊரில் வருஷம் முழுக்க ஆறு, ஆறரை என்று பழகிய கண்ணுக்கு இது பிடிபடவே பிடிபடாது.

பாதை ஒரு வயலுக்குள் போனது. அங்கே இருபதுக்கு மேல் இளம் காளைகள். மாடு எனக்குப் புதிதில்லை, மாட்டுத்தொழுவத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள்தான். ஆனால் அவை கூட்டமாக என்னைப் பார்த்து நடந்து வரத் தொடங்கியபோது பயந்துபோய், வேலியோரமாக ஒதுங்கி, ஒரு இடுக்கு வழியாக அடுத்த வயலுக்குள் போய்விட்டேன். ஓடக்கூடாது, நிதானமாக ஓரமாகப் போக வேண்டும், கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகக்கூடாது. அதெல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனால் பாதையை விட்டுவிட்டேன். அங்கே பொதுப் பாதை என்றால் வேலிப் படியிலும் கதவுக் கம்பத்திலும் மஞ்சள் அம்புக்குறி இருக்கும், குதிரையும் போகலாம் என்றால் நீல அம்புக்குறி. அதை விட்டு விலகினால் அடுத்தவர் நிலம், உழுத மண், முள்வேலி. நான் போனில் வைத்திருந்த கூகுள் வரைபடத்தில் சாலைகள் தெரிந்தன, வயல் பாதைகள் தெரியவில்லை. ஆர்ட்னன்ஸ் சர்வே என்று அரசு நிறுவனம் போடும் வரைபடத்தில் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும் பச்சைக் கோடாக இருக்கிறது, பழங்காலச் சின்னங்களின் பெயர் பழைய கோதிக் எழுத்தில் தனியாகவே தெரியும். ஏவ்பரிப் பகுதிக்கு 157-ஆம் எண் தாள். மடித்துப் பையில் வைத்திருந்தால் சார்ஜே தேவையில்லை.

ஐந்து மணிக்குள் கால் எங்கே வைக்கிறோம் என்பது தெரியவில்லை. நனைந்த சுண்ணாம்பு மண் எண்ணெய் தடவின மாதிரி இருக்கும். நான் போட்டிருந்தது அடி தேய்ந்த நடைக்கான ஷூ. வயல் ஓரத்து வாய்க்காலில் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகியது. போனில் 6 சதவீதம். நாள் முழுக்கப் படம் எடுத்ததும் குளிரும் சேர்ந்து தின்றுவிட்டன. மகளைக் கூப்பிட்டேன். "எங்கம்மா இருக்கீங்க?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "வயல்ல இருக்கேன் கண்ணு" என்றேன். எந்த வயல் என்றாள். பேத்தி பின்னால் அழுதுகொண்டிருந்தாள். "இருப்பிடத்தை அனுப்புங்கம்மா, வாட்ஸ்அப்ல..." என்று அவள் சொல்லும்போதே போன் அணைந்தது. அந்த நொடியில் வந்த பயத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எனக்கு என்ன ஆகும் என்பதைவிட, அவள் என்ன பாடுபடுவாள் என்பதுதான் நெஞ்சை அடைத்தது. தனியாக நடக்கக் கிளம்பும்போதே நேரலை இருப்பிடத்தை வீட்டுக்கு அனுப்பி வையுங்கள், சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் ஒன்று கையில் இருக்கட்டும். விழுந்து நகர முடியாவிட்டால் கூச்சப்படாமல் அவசர உதவி எண் 999-ஐக் கூப்பிடுங்கள், 112-ம் செல்லும். நான் மகளுக்குச் செலவழித்த 6 சதவீதத்தை அதற்குச் செலவழித்திருக்க வேண்டும்.

தூரத்தில் நெடுஞ்சாலை விளக்குகள் ஓடுவது தெரிந்தது. கிட்டத்தில் இருப்பது போலவே இருந்தது. அதை நோக்கி நொண்டிக்கொண்டே நடந்தேன். கொஞ்ச தூரத்தில் கால் சேற்றில் முழங்கால் வரை போனது. எனக்கும் சாலைக்கும் நடுவில் கென்னட் ஆறு இருந்தது, அதன் கரைச் சதுப்பு அது. இருட்டில் வெளிச்சத்தை நோக்கி நேர்க்கோட்டில் நடக்கவே நடக்காதீர்கள். காலை உருவிக்கொண்டு பின்வாங்கி, வேலிக் கம்பியைக் கையால் பிடித்தபடியே திரும்பி நடந்தேன். வேலி எங்கேயாவது ஒரு கதவில் முடிந்துதானே ஆக வேண்டும் என்ற ஒரே நம்பிக்கை. முடிந்தது. கதவுக்கு அப்பால் சின்னத் தார்ச்சாலை. அங்கே கதவைப் பிடித்தபடி நின்று சத்தமாக அழுதேன்.

நாயோடு ஒருவர் வந்தார், நெற்றியில் விளக்கு. முதலில் எனக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது. ஆளரவமற்ற இடம், தெரியாத ஆண். அவர் அதைப் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. தள்ளியே நின்று விளக்கைத் தரையைப் பார்க்கத் திருப்பி, "அடிபட்டிருக்கிறதா, என் மனைவியை வரச் சொல்லட்டுமா" என்று கேட்டார். அந்த அம்மா காரோடு வந்தார். வீட்டில் உட்காரவைத்து, காலுக்கு ஐஸ் வைத்து, டீ கொடுத்து, என் டைரியில் இருந்த எண்ணுக்கு மகளை அழைத்துக் கொடுத்தார்கள். எண்ணை எழுதி வைத்திருந்தேனே, அது ஒன்றுதான் அன்று நான் முன்யோசனையோடு செய்தது. மகள் அதற்குள் போலீஸுக்குச் சொல்லியிருந்தாள், நான் கிடைத்துவிட்டதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

கடைசி பஸ் எப்போதோ போயிருந்தது. ஞாயிறு இரவு அந்தப் பக்கம் டாக்சி கிடைப்பதே கஷ்டம், மூன்றாவதாகக் கேட்ட வண்டிதான் வந்தது. ஸ்விண்டன் வரை 62 பவுண்டு. அட்வான்ஸ் டிக்கெட்டுக்கு உரிய ரயில் போய்விட்டதால் அது வெறும் காகிதம். ரெடிங்குக்குப் புதிதாக எடுத்த டிக்கெட் 19 பவுண்டு. ஷூ பாழ். மொத்தம் நம் பணத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் போயிற்று. திரும்பும் நேரம் நிச்சயமில்லாத நாளில், நெரிசல் இல்லாத நேரத்தில் எந்த ரயிலிலும் ஏறலாம் என்ற 'ஆஃப் பீக்' டிக்கெட்தான் சரி. கூடுதல் விலை போலத் தெரியும், மொத்தத்தில் அதுதான் மலிவு. கால் இரண்டு நாளாகியும் வீங்கியே இருந்ததால் 111 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்டோம், எலும்பு முறிவில்லை. முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால், சுற்றுலா விசாவில் வந்தவர்களிடம் செலவில் ஒன்றரை மடங்கு வாங்குகிறார்கள். பயணக் காப்பீடு எடுக்காமல் வந்திருந்தேன் என்பது அன்றைக்குத்தான் மகளுக்குத் தெரிந்தது. மறுநாளே எடுத்தாள். அந்த வியாழக்கிழமை தீபாவளி. காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு பலகாரம் உருட்டினேன்.

மார்ச் மூன்றாம் வாரம், ஊர் திரும்புவதற்கு முன்னால், மகள், மருமகன், பேத்தியோடு திரும்பப் போனேன். சூரியன் ஆறேகாலுக்கு மறையும் என்று பார்த்துக்கொண்டு, காலை பத்துக்கே போய்விட்டோம். அந்த வீட்டாருக்கு முறுக்கும் ரவா லட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு நான் விழுந்த வாய்க்காலைத் தேடிக் கண்டுபிடித்தேன். பக்கத்து வயலில் ஆட்டுக்குட்டிகள் துள்ளிக்கொண்டிருந்தன. அங்கிருந்து அந்தத் தார்ச்சாலைக் கதவு வரை, பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, எண்ணிக்கொண்டே நடந்தேன். 340 காலடி.